அப்பா படித்த கல்லூரி: அமெரிக்கத் தமிழ்ப் பெற்றோருக்கு ஒரு திறந்த மடல்

அமெரிக்காவுக்கு மேற்படிப்புக்கு வந்து, இங்கேயே வேலை பார்த்து, வீடு வாங்கி, இப்போது பள்ளியில் பிள்ளைகளை வைத்திருக்கும் தமிழ்ப் பெற்றோர்களுக்கு,

வணக்கம்.

ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளைத் தமிழ் வகுப்புக்குள் அனுப்பிவிட்டு வாசலில் நின்று பேசுவோமே, அந்தப் பேச்சு கொஞ்ச காலமாக மாறிவிட்டது. முன்பு வீட்டுக் கடன் வட்டி, கிரீன் கார்டு வரிசை, ஊருக்குப் போக டிக்கெட் விலை என்று ஓடும். இப்போது சுற்றிச் சுற்றி இரண்டு கேள்விகளில் வந்து நிற்கிறது. "நான் அங்கதானே எம்.எஸ். பண்ணினேன், பையனுக்கு லெகசி கிடைக்குமா?" என்பது ஒன்று. லெகசி என்றால், அப்பாவோ அம்மாவோ படித்த கல்லூரி அவர்கள் பிள்ளைக்குச் சேர்க்கையில் காட்டும் முன்னுரிமை. "எந்த வகுப்பிலிருந்து காலேஜுக்குத் தயார் பண்ண ஆரம்பிக்கணும்?" என்பது இன்னொன்று. வாசலில் நின்று பதில் சொல்ல ஆரம்பித்தால் பாதியில் மணி அடித்துவிடுகிறது. அதனால் எழுதுகிறேன்.

சுருக்கமாக என் கருத்து இதுதான். லெகசியை நம்பித் திட்டம் போடாதீர்கள். அது உங்கள் பிள்ளைக்குக் கிடைக்கக்கூடிய இடத்திலும் அந்த முறை நீடிக்க வேண்டும் என்று வாதாடப் போகாதீர்கள். எப்போது ஆரம்பிப்பது என்று கேட்டால், நம்மில் பலர் ஆறாம் வகுப்பிலேயே ஆரம்பிக்கும் காரியங்கள் பதினொன்றாம் வகுப்பு வரை காத்திருக்கக் கூடியவை. எட்டாம் வகுப்பிலேயே விசாரித்திருக்க வேண்டிய பணம், விசா போன்றவற்றைத்தான் கடைசி வருடத்தில் அவசரமாகத் தேடுகிறோம்.

முதலில் லெகசி. பல கல்லூரிகளுக்கும் பொதுவான காமன் ஆப் விண்ணப்பத்தில் குடும்பத்துக்கென்று ஒரு பகுதி இருக்கிறது. அப்பா எதுவரை படித்தார், எந்தக் கல்லூரி, என்ன பட்டம், எந்த வருடம் என்று கேட்கும். பிறகு அம்மாவுக்கும் அதே கேள்விகள். நம் வீட்டுப் பிள்ளைகள் அதில் கோயம்புத்தூரையும் திருச்சியையும் தட்டச்சு செய்துவிட்டு, அடுத்த வரியில் ஒரு அமெரிக்கப் பல்கலைக்கழகத்தின் பெயரைப் போடுவார்கள். அந்த இரண்டாவது வரியைப் பார்த்துத்தான் நமக்கு ஆசை வருகிறது.

ஆனால் அந்த வரிக்கு எல்லா இடத்திலும் மதிப்பு இல்லை. ஹார்வர்டில் லெகசி என்றால் அப்பாவோ அம்மாவோ அங்கே இளங்கலை படித்திருக்க வேண்டும். முதுகலை முடித்துவிட்டு வந்தவர்களின் பிள்ளைகள் அந்தக் கணக்கில் இல்லை. ஸ்டான்ஃபர்ட் முதுகலை முடித்தவர்களையும் சேர்த்துக்கொள்கிறது. எம்.ஐ.டி., கால்டெக் இரண்டும் இதைப் பார்ப்பதே இல்லை. கலிஃபோர்னியா பல்கலைக்கழகம், அதாவது பெர்க்லி, லாஸ் ஏஞ்சலஸ், சான் டியேகோ எல்லாம், 1990-களின் கடைசியிலேயே விட்டுவிட்டது. நம்மில் நிறையப் பேர் எம்.எஸ். படித்த டெக்சஸ் ஏ அண்ட் எம் 2004-இல் கைவிட்டது. ஆம்ஹெர்ஸ்ட் 2021-இல், வெஸ்லியன் 2023-இல். அரிசோனா ஸ்டேட் மாதிரி பெரிய மாநிலப் பல்கலைக்கழகங்களில் தகுதி இருந்தால் இடம் கிடைத்துவிடும், அங்கே லெகசி என்ற பேச்சுக்கே வேலை இல்லை. ஆக நம் கூட்டத்தில் பத்துப் பேர் "எனக்கு லெகசி இருக்கு" என்று சொன்னால், அதில் எத்தனை பேருக்கு உண்மையில் இருக்கிறது என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள். மாமா அங்கே படித்தார், அத்தை பெண் இப்போது அங்கே படிக்கிறாள் என்பதெல்லாம் தேநீருக்கு நல்ல பேச்சு, அவ்வளவுதான்.

முன்னாள் மாணவர் நிதிக்கு வருடம் நூறு, இருநூறு டாலர் அனுப்பி வைத்தால் பிள்ளைக்கு உதவும் என்று ஒரு நம்பிக்கையும் ஓடுகிறது. பணம் கொடுத்தவர் வீட்டுப் பிள்ளைகளுக்குத் தனிக் கவனம் உண்டு என்பது பொய்யில்லை. ஆசிய மாணவர்களிடம் பாகுபாடு காட்டுகிறது என்று ஹார்வர்ட் மேல் போட்ட வழக்கில் டீன் தனியாக வைத்திருந்த ஒரு பட்டியலே வெளிவந்தது. அந்தப் பட்டியலில் ஏற நம் நூறு டாலர் போதாது. உங்களைப் படிக்கவைத்த இடத்தின் மேல் பிரியத்தில் கொடுப்பதாக இருந்தால் கொடுங்கள், மகராசனாக இருங்கள்.

சரி, கிடைக்கிற இடத்தில் அது எவ்வளவு பெரிய சலுகை? மிகப் பெரியது. அந்த வழக்கில் வெளியான கணக்குப்படி ஹார்வர்டில் லெகசிப் பிள்ளைகளில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு இடம் கிடைத்தது, மற்றவர்களில் நூற்றுக்கு ஆறு பேருக்கு. ராஜ் செட்டி, டேவிட் டெமிங், ஜான் ஃப்ரீட்மன் என்ற பொருளாதார ஆய்வாளர்கள் மூவரும் 2023-இல் வெளியிட்ட ஆய்வில் இன்னொரு விஷயம் இருந்தது, எனக்கு அதுதான் முக்கியமாகப் பட்டது. அப்பாவோ அம்மாவோ படித்த கல்லூரியில் பெரிய முன்னுரிமை பெறும் அதே பிள்ளை, அதே தரத்திலுள்ள வேறு கல்லூரிக்கு விண்ணப்பித்தால் சொல்லும்படியான முன்னுரிமை எதுவும் இல்லை. லெகசிப் பிள்ளைகள் இயல்பாகவே கெட்டிக்காரர்கள், அதனால்தான் இடம் கிடைக்கிறது என்று ஒரு வாதம் உண்டு. பிள்ளை கெட்டிக்காரப் பிள்ளையாக இருந்தால் பக்கத்துக் கல்லூரியிலும் அந்தக் கெட்டிக்காரத்தனம் தெரிய வேண்டும் அல்லவா? அங்கே தெரியவில்லை. கூடுதலாகக் கிடைத்தது அப்பா பெயருக்கு.

இது எங்கிருந்து வந்தது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். 1920-களில் ஹார்வர்ட், யேல், கொலம்பியா போன்ற கல்லூரிகளில் நுழைவுத் தேர்வில் தேறி உள்ளே வந்த யூத மாணவர்களின் எண்ணிக்கை கூடிக்கொண்டே போனது. குடியேறிகளின் பிள்ளைகள், மதிப்பெண்ணில் குறை சொல்ல முடியாதவர்கள். அவர்களைக் குறைப்பதற்காக நேர்காணல், புகைப்படம், 'குணநலன்', முன்னாள் மாணவரின் மகன் என்று புதிய அளவுகோல்கள் வந்து சேர்ந்தன. நூறு வருடம் முன்பு அந்தக் கதவு சாத்தப்பட்டது குடியேறி வீட்டுப் பிள்ளைகளின் முகத்தில். இன்று குடியேறிகளான நாம் அதன் சாவி நமக்கும் ஒன்று கிடைக்குமா என்று பார்க்கிறோம்.

2023 ஜூன் 29 அன்று உச்ச நீதிமன்றம் சேர்க்கையில் இனத்தைக் கணக்கில் எடுப்பதை நிறுத்தியபோது நம் வாட்ஸப் குழுக்களில் என்ன பேச்சு நடந்தது என்று எல்லோருக்கும் நினைவிருக்கும். "தகுதிதான் பார்க்கணும், பிறப்பைப் பார்க்கக் கூடாது" என்று எழுதியவர்கள் பலர். அந்தத் தீர்ப்பில் நான் உங்களோடு உடன்படாமல் இருக்கலாம், அதை இங்கே பேச வரவில்லை. ஆனால் அப்படி எழுதிய அதே கை, கலிஃபோர்னியா லெகசியைத் தடை செய்தபோது "இதெல்லாம் தனியார் கல்லூரியின் உரிமை" என்று எழுதியதையும் பார்த்தேன். இன்னாருக்குப் பிறந்தவர் என்பதற்காகக் கிடைக்கும் சலுகைகளில் இதைவிட அப்பட்டமானது வேறு எது? இத்தனைக்கும், அந்த வழக்கின் கணக்கை வைத்துப் பொருளாதாரவாதிகள் செய்த ஆய்வைப் பாருங்கள். ஹார்வர்டில் இடம் பெற்ற வெள்ளை மாணவர்களில் 43 சதவீதத்துக்கு மேல் விளையாட்டு வீரர்கள், லெகசிகள், டீன் பட்டியலில் இருந்தவர்கள், பேராசிரியர்களின் பிள்ளைகள். ஆசிய மாணவர்களில் அந்த வகையினர் 16 சதவீதம்கூட இல்லை. இந்த ஏணியில் நம் பிள்ளைகள் ஏறுவதைவிட, அது சாய்த்து வைக்கப்பட்டிருப்பதால் வெளியே நிற்பதுதான் அதிகம்.

ஊர்க் கதை ஒன்று சொல்ல வேண்டும். நாம் விமானம் ஏறி வந்த பிறகு, 2010-11 கல்வியாண்டிலிருந்து, தமிழ்நாட்டில் முதல் பட்டதாரிக்குச் சலுகை வந்தது. ஒற்றைச் சாளரக் கலந்தாய்வில் தொழிற்படிப்புக்கு இடம் கிடைத்தவர், தன் குடும்பத்தில் தானே முதல் பட்டதாரி என்று காட்டினால் கல்விக் கட்டணத்தை அரசு ஏற்றுக்கொள்ளும். அந்தச் சான்றிதழுக்குத் தாத்தா, பாட்டி, அப்பா, அம்மா, அண்ணன், அக்கா ஒவ்வொருவரும் எதுவரை படித்தார்கள் என்று எழுதிக் கொடுக்க வேண்டும். கிராம நிர்வாக அலுவலர் விசாரிப்பார், வருவாய் ஆய்வாளர் கையெழுத்து, அப்புறம் தாசில்தார். அக்கா பி.ஏ. முடித்திருந்தால் தம்பிக்குக் கிடையாது. அதாவது, வீட்டில் யாரும் கல்லூரி வாசலை மிதிக்கவில்லை என்பதற்குத் தாசில்தார் முத்திரையோடு ஒரு தாள். அதைக் காட்டினால் கட்டணம் குறைகிறது. காமன் ஆப் குடும்பப் பகுதியும் அதே கேள்விகளைத்தான் கேட்கிறது. சில கல்லூரிகளில் பதிலுக்குக் கிடைக்கும் மரியாதைதான் தலைகீழ். ஊர் முறையில் ஓட்டைகள் உண்டு, மேனேஜ்மென்ட் கோட்டாவில் நடப்பதும் எனக்குத் தெரியும். ஆனாலும் கலந்தாய்வு நாளில் திரையில் ஓடிய கட்-ஆஃப் பட்டியலில் நம் அப்பா எங்கே படித்தார் என்று ஒரு நெடுவரிசை இருந்ததில்லை. நம்மில் பாதிப் பேர் இங்கே வந்து சேர்ந்ததே அப்படி ஒரு நெடுவரிசை இல்லாததால்தான்.

இது மாறவே மாறாது என்றும் நினைக்க வேண்டாம். ஜான்ஸ் ஹாப்கின்ஸ் சத்தமில்லாமல் லெகசியை நிறுத்திவிட்டு 2020-இல்தான் வெளியே சொன்னது. 2009-இல் அங்கே புதிதாகச் சேர்ந்தவர்களில் 12.5 சதவீதம் லெகசி, ஏழை மாணவர்களுக்கான பெல் உதவித்தொகைக்குத் தகுதியானவர்கள் 9 சதவீதம். பத்து வருடத்தில் முதல் எண் 3.5-ஆகவும் இரண்டாவது 19-க்கு மேலும் ஆனது. ஹாப்கின்ஸின் பெயர் ஒன்றும் கெட்டுவிடவில்லை. கொலராடோ, வர்ஜீனியா, இல்லினாய் மாநிலங்கள் அரசுக் கல்லூரிகளில் தடை செய்திருக்கின்றன. மேரிலாந்து 2024-இல் தனியார் கல்லூரிகளையும் சேர்த்தது. அதே வருடம் செப்டம்பரில் கலிஃபோர்னியா ஆளுநர் நியூசம் கையெழுத்திட்ட, மாநில நிதி பெறும் தனியார் கல்லூரிகளுக்கான தடைச் சட்டம் 2025 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்தது. ஸ்டான்ஃபர்ட் என்ன செய்தது தெரியுமா? மாநிலம் தரும் கால் கிராண்ட் உதவித்தொகையே வேண்டாம், அதைத் தன் பணத்திலிருந்து மாணவர்களுக்குத் தருகிறேன் என்று சொல்லி, லெகசியைக் கையில் வைத்துக்கொண்டது. ஒரு பல்கலைக்கழகம் எதற்கு எவ்வளவு விலை கொடுக்கத் தயாராக இருக்கிறது என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்ட முடியாது.

நீங்கள் படித்த கல்லூரிக்குப் பிள்ளையை விண்ணப்பிக்க விடாதீர்கள் என்று நான் சொல்லவில்லை. அந்தக் கேள்விக்கு உண்மையைத்தான் எழுத வேண்டும். என் மகளும் இரண்டு வருடத்தில் எழுதுவாள். நான் சொல்வது அதை வைத்துக் கணக்குப் போடுவதைப் பற்றி. "நமக்கு அங்கே லெகசி இருக்கு, அதனால் ஏர்லி டிசிஷன் அங்கேயே போடு" என்று பிள்ளையைத் தள்ளுகிறோம். ஏர்லி டிசிஷன் என்றால் ஒரே ஒரு கல்லூரிக்கு முன்கூட்டியே விண்ணப்பிப்பது, அது கட்டுப்படுத்தும் ஒப்பந்தம். அவர்கள் தரும் உதவி போதவே போதாது என்றால் தவிர, இடம் கிடைத்தால் போய்த்தான் ஆக வேண்டும், வேறு கல்லூரி தரும் உதவித்தொகையோடு ஒப்பிட்டுப் பார்க்க வழி இல்லை. அம்மாவுக்குப் பிடித்த இடம் என்பதற்காகப் பதினேழு வயதுப் பிள்ளை கையெழுத்துப் போடக் கூடாது.

இனி எப்போது ஆரம்பிப்பது என்பது.

ஆறாம் வகுப்பில் ஆலோசகரை அமர்த்துபவர்களைப் பார்க்கிறேன். ஆறு, ஏழு, எட்டாம் வகுப்பு மதிப்பெண்கள் கல்லூரிக் கணக்கில் வராது. அந்த வயதில் யோசிக்க ஒரே ஒரு பாடம் உண்டு, அது கணக்கு. பெரும்பாலான பள்ளிகளில் எட்டாம் வகுப்பில் அல்ஜீப்ரா 1 எடுத்தால்தான் பன்னிரண்டில் கால்குலஸ் நேராக வந்து சேரும். பொறியியல் ஆசை இருந்தால் இது முக்கியம். பிள்ளைக்குக் கணக்கு தள்ளாடுகிறது என்றால் ஒரு வருடம் தள்ளிப் போடுவதில் குடி முழுகாது, கோடையில் ஈடுகட்டலாம். குமான் டியூஷனும், எஸ்.ஏ.டி. என்ற கல்லூரி நுழைவுத் தேர்வுக்கான வகுப்பும் ஏழாம் வகுப்பில் வேண்டாம். கலிஃபோர்னியா பல்கலைக்கழகம் எஸ்.ஏ.டி.யைப் பார்ப்பதே இல்லை. அந்தப் பல்கலைக்கழகத்தின் ஜி.பி.ஏ., அதாவது மதிப்பெண் சராசரிக் கணக்கில் ஒன்பதாம் வகுப்பு மதிப்பெண்ணும் சேராது, பத்தும் பதினொன்றும்தான். மற்ற பெரும்பாலான கல்லூரிகள் நான்கு வருடத்தையும் பார்க்கும். ஆகவே ஒன்பதாம் வகுப்பில் பிள்ளை பள்ளிக்குப் பழகட்டும், பாடங்களைச் சரியாகத் தேர்ந்தெடுக்கட்டும். அவ்வளவு போதும்.

விசா விஷயம்தான் எனக்கு அதிகக் கவலை. அதைப் பற்றி யாரும் வாசலில் நின்று பேசுவதில்லை. எச்-1பி வேலை விசாவில் இருப்பவர்களின் பிள்ளைகளுக்கு எச்-4, அதாவது பெற்றோரைச் சார்ந்த விசா. இங்கேயே மழலையர் பள்ளியிலிருந்து படித்து, நம்மைவிட நன்றாக ஆங்கிலம் பேசி, கால்பந்து அணித் தலைவராக இருந்தாலும், மத்திய அரசின் கல்வி உதவிக்கு எச்-4 பிள்ளைக்குத் தகுதி இல்லை. பல கல்லூரிகள் உதவித்தொகைக் கணக்கில் அவர்களை வெளிநாட்டு மாணவர்களாகத்தான் வைக்கும். சம்பளத்துக்கு வேலை செய்ய முடியாது, அதனால் பள்ளி நண்பர்கள் போகும் கோடைக்காலப் பயிற்சி வேலையும் கிடையாது. 21 வயதில் நம்முடைய கிரீன் கார்டு மனுவிலிருந்து பிரிந்துவிடுவார்கள். கிரீன் கார்டு வரிசை இந்தியர்களுக்கு நகரும் வேகம் நமக்குத் தெரியும். கல்லூரி மூன்றாம் வருடத்தில் எஃப்-1 மாணவர் விசாவுக்கு மாற வேண்டிய பிள்ளைகள் நம் கூட்டத்திலேயே இருக்கிறார்கள். மாநிலத்தவருக்கான குறைந்த கட்டணம் எச்-4-க்குக் கிடைக்குமா என்பது மாநிலத்துக்கு மாநிலம் வேறுபடும். இதையெல்லாம் எட்டாம் வகுப்பிலேயே ஒரு வழக்கறிஞரிடம் உட்கார்ந்து கேட்க வேண்டும். குடியுரிமை பார்க்காமல், பண வசதியும் பார்க்காமல் சேர்த்துக்கொண்டு தேவையான உதவியும் தரும் கல்லூரிகள் சில உண்டு, ஹார்வர்ட், யேல், பிரின்ஸ்டன், எம்.ஐ.டி., ஆம்ஹெர்ஸ்ட் போல. நுழைவது கடினம், ஆனால் பட்டியலில் அவை இருக்க வேண்டும் என்பது முன்பே தெரிந்திருக்க வேண்டும்.

அடுத்து பணம். மத்திய அரசின் கல்வி உதவிக்கு நிரப்பும் ஃபாஃப்சா படிவம் கேட்பது சேரும் வருடத்தின் வருமானத்தை அல்ல, இரண்டு வருடம் பின்னால் போய்க் கேட்கிறது. 2029 இலையுதிர் காலத்தில் சேரும் பிள்ளைக்கு 2027-ஆம் வருட வரிக் கணக்கு. அதாவது பிள்ளை பத்தாம் வகுப்பின் நடுவில் இருக்கும்போது, ஜனவரி 1 அன்று, கணக்கு ஓட ஆரம்பித்துவிடுகிறது. கம்பெனிப் பங்கை விற்பது, ஊரில் அப்பா காலத்து மனையை விற்பது போன்ற யோசனை இருந்தால் அந்த வருடத்துக்கு முன்பே முடித்துவிடுவது நல்லது. தஞ்சாவூரில் விற்ற நிலத்தின் லாபமும் இங்கே வருமானம்தான். "நம்ம சம்பளத்துக்கு எதுவும் கிடைக்காது" என்று விசாரிக்காமலே விட்டுவிடுபவர்களும் உண்டு. ஹார்வர்ட் 2025-26 முதல், வழக்கமான அளவு சொத்துள்ள குடும்பமாக இருந்து ஆண்டு வருமானம் 2 லட்சம் டாலர் வரை இருந்தால் கல்விக் கட்டணம் வாங்குவதில்லை. எம்.ஐ.டி.யும் அதே அளவுகோலுக்கு வந்துவிட்டது. உதவித்தொகை போக நாம் உண்மையில் எவ்வளவு கட்ட வேண்டிவரும் என்று காட்டும் நெட் பிரைஸ் கால்குலேட்டரை, மத்திய அரசின் கல்வி உதவியை ஏற்கும் ஒவ்வொரு கல்லூரியும் தன் இணையதளத்தில் வைத்திருக்க வேண்டும் என்பது சட்டம். ஒன்பதாம் வகுப்புக் கோடையில் கணவனும் மனைவியும் உட்கார்ந்து நான்கு கல்லூரிகளுக்குப் போட்டுப் பாருங்கள். வருகிற எண்ணைப் பிள்ளையிடமும் சொல்லுங்கள். நம் வீடுகளில் பிள்ளைகளுக்கு எல்லாம் தெரியும், எவ்வளவு கட்ட முடியும் என்பது மட்டும் தெரியாது.

மீதியெல்லாம் பின்னால்தான். பதினொன்றாம் வகுப்பு அக்டோபரில் எஸ்.ஏ.டி.யின் முன்னோட்டமான பி.எஸ்.ஏ.டி. அந்த வருடக் கடைசியில், பிள்ளையை நன்றாகத் தெரிந்த இரண்டு ஆசிரியர்களிடம் பரிந்துரைக் கடிதம் கேட்பது. ஆகஸ்ட் 1 அன்று காமன் ஆப் திறக்கும். நவம்பரில் முதல் கெடு, நவம்பர் முடிவில் கலிஃபோர்னியா பல்கலைக்கழகம், ஜனவரியில் மற்றவை. 650 வார்த்தைக் கட்டுரைக்கு ஒரு கோடை போதும், அதுவும் பிள்ளை எழுதினால்.

பிற ஆர்வங்கள் பற்றி ஒன்று மட்டும். பதினொன்றாம் வகுப்புக் கோடையில் திடீரென்று முளைக்கும் தொண்டு நிறுவனங்களை இனி விட்டுவிடலாம். ஊருக்கு விடுமுறைக்குப் போகும்போது ஒரு கிராமப் பள்ளியில் இரண்டு நாள் லேப்டாப் காட்டிவிட்டு, திரும்பி வந்து இணையதளம் தொடங்கித் தன்னை நிறுவனர் என்று போட்டுக்கொள்ளும் வழக்கத்தைச் சேர்க்கை அதிகாரிகள் நிறையவே பார்த்துவிட்டார்கள். அந்தப் பள்ளிப் பிள்ளைகளுக்கும் அதில் பெரிய லாபம் இல்லை. இதற்கு நேரம் வேண்டும் என்று ஏழாம் வகுப்பிலேயே தமிழ்ப் பள்ளியை நிறுத்திவிடுகிறோம் என்பதுதான் வேடிக்கை. முதல் வகுப்பில் நாற்காலி போதவில்லை, எட்டாம் வகுப்பில் ஐந்து பேர் உட்கார்ந்திருக்கிறார்கள். பல பள்ளி மாவட்டங்களில் தமிழ் வகுப்புக்கு உயர்நிலைப் பள்ளி மதிப்பு (கிரெடிட்) உண்டு, பட்டமளிப்பில் இருமொழி முத்திரையும் வாங்கலாம். பன்னிரண்டு வருடம் ஒரு பிள்ளை விடாமல் செய்த காரியம் ஒன்று ஏற்கெனவே கையில் இருக்கும்போது அதை விட்டுவிட்டு வேறு எங்கே தேடுகிறோம்?

உங்களிடம் மூன்று கோரிக்கைகள். நீங்கள் படித்த பல்கலைக்கழகத்தின் முன்னாள் மாணவர் சங்கத்திலிருந்து கருத்துக் கேட்டு மடல் வந்தால், அல்லது நன்கொடை கேட்டு வந்தால், லெகசியை நிறுத்துங்கள் என்று பதிலில் எழுதுங்கள். எங்கள் பிள்ளைகளுக்கு வேண்டாம் என்று அதன் பயனாளிகளே சொல்லும்போதுதான் அவர்களுக்கு அது காதில் விழும். இரண்டாவதாக, நம் தமிழ்ப் பள்ளிகளில் கல்லூரிச் சேர்க்கைக் கூட்டத்தைப் பதினொன்றாம் வகுப்புப் பெற்றோருக்கு வைக்கும் வழக்கத்தை மாற்றி எட்டாம் வகுப்புப் பெற்றோருக்கு வையுங்கள். ஒரு குடியேற்ற வழக்கறிஞரும் வரிக் கணக்கு பார்ப்பவரும் முதலில் பேசட்டும், "ஐவி லீகில் நுழைவது எப்படி" என்று பேசுபவர் கடைசியில் வரட்டும், நேரம் இருந்தால். மூன்றாவதாக, அந்தக் கூட்டத்துக்கு நம்மைப் போல் பல்கலைக்கழகம் வழியாக வராத தமிழர்களையும் கூப்பிடுங்கள். கடை நடத்துபவர்கள், டிரக் ஓட்டுபவர்கள், ஈழத்திலிருந்து அகதிகளாக வந்தவர்கள் நம் ஊர்களில் இருக்கிறார்கள். அவர்கள் பிள்ளைகள்தான் வீட்டில் முதலில் கல்லூரிக்குப் போகப் போகிறவர்கள். பல கல்லூரிகள் முதல் தலைமுறை மாணவர் என்று தனியாகக் குறித்துக்கொள்கின்றன என்பது அவர்களுக்கு யாரும் சொல்லாவிட்டால் தெரியாமலே போய்விடும். முதல் கூட்டத்துக்கு நாற்காலி போடவும் இவர்களுக்கு ஃபோன் பண்ணிச் சொல்லவும் நான் வருகிறேன்.

அன்புடன்,
இங்கே எம்.எஸ். படித்த ஒரு தாய்,
கலிஃபோர்னியா